வர்க்கலையில் நான் எடுத்த பதினேழு படங்கள்

தென்காசியில் கல்யாணப் படம் எடுக்கும் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். சர்ஃபிங் என்கிற அலைச்சறுக்கைப் படமெடுக்கும் ஆசை வந்தது காஜாவால். பள்ளித் தோழன், சவூதியில், தம்மாமில் கிரேன் ஓட்டுகிறவன். லீவில் வந்தபோது கேரளத்து வர்க்கலைக் கடற்கரையில் நான்கு நாள் பயிற்சி எடுத்திருந்தான். “நான் பலகையில நிக்குதத நீதாம்ல படம் புடிக்கணும்” என்றான். கார்த்திகை சீசன் முழுக்கக் குற்றாலம் பேரருவியில் தெறிக்கும் தண்ணீரை எடுத்துப் பழகினேன்.

அவன் லீவு முடியுமுன், ஜனவரியில் ஒரு செவ்வாய், காலை 4.30க்குப் பைக்கில் கிளம்பினோம். செங்கோட்டை, புனலூர் வழியாக ஏறக்குறைய 110 கிலோமீட்டர். ஆரியங்காவு தாண்டும்வரை பனி. ஜெர்கின் இல்லாமல் போகாதீர்கள். 8.10க்குக் கடற்கரை. பயிற்சிக்கு 1,500, லென்ஸ் வாடகை 900.

கரையிலிருந்து எடுப்பது நினைத்ததைவிடக் கஷ்டம். அலை எழும்பும்போதே குறிவைக்க வேண்டும்; ஆள் நிமிர்ந்த பிறகு அழுத்தினால் நுரைதான் விழும். எனக்கு நுரையாகவே விழுந்தது. 10.30க்குப் பயிற்சியாளர் எல்லோரையும் கரையேறச் சொன்னார். ஒரு படம்கூடத் தேறாத ஆத்திரத்தில், இன்னும் ஒரே ஒரு அலை என்று காஜாவிடம் கேட்டேன். போனான்.

அலை கவிழ்த்தது. மணல்திட்டில் அவன் கழுத்து மோதியது பிறகுதான் தெரிந்தது. காலையும் பலகையையும் இணைத்த கயிறு அறுந்து, பலகை தனியாகக் கரைக்கு வந்தது. லென்ஸுக்குள் பலகை தெரியவில்லை. அவன் தலையும், உயர்த்திய இடது கையும்தான் தெரிந்தன. போஸ் கொடுக்கிறான் என்று அழுத்திக்கொண்டே இருந்தேன். வெளிச்சம் வேறு அருமையாக இருந்தது. பயிற்சியாளர் என்னைத் தாண்டித் தண்ணீருக்குள் ஓடிய பிறகுதான் கேமராவை இறக்கினேன். பதினேழு படங்கள். முதலாவதற்கும் கடைசிக்கும் நடுவே நாற்பத்தொரு விநாடி.

பிழைத்துக்கொண்டான். பதினொரு நாள் ஆஸ்பத்திரி. வலது கை இன்னும் எழவில்லை. கிரேன் வேலை போய்விட்டது.

தென்காசிக்கு வந்ததும் படங்களைக் கேட்டான். மறைக்க மனம் வரவில்லை. போஸ் என்று நினைத்ததையும் சொன்னேன். ஒவ்வொன்றாகப் பார்த்தான். அவன் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

“நீ என்னையவே பாத்துக்கிட்டு இருக்கன்னு தெரியும். அந்த நம்பிக்கையிலதாம்ல மூச்ச அடக்கிக்கிட்டு கெடந்தேன்” என்றான். அவன் கோபப்படவில்லை. பட்டிருக்கலாம்.

இதே பயணம் போகிறவர்கள், கேமரா இல்லாத ஒருவரைக் கரையில் நிறுத்துங்கள். கடலைப் பார்ப்பது மட்டும்தான் அவர் வேலை. தண்ணீரில் இருப்பவர் கையை உயர்த்தினால் உதவி கேட்கிறார் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பயிற்சியாளர் ஏறச் சொன்னால் ஏறிவிட வேண்டும். படம் இல்லாமல் வீடு திரும்பலாம், ஒன்றும் கெட்டுப்போகாது. இன்னும் ஒரு அலை என்று மட்டும் யாரிடமும் கேட்காதீர்கள்.