சாம்பல் புதனுக்கு முன்னால் ஒரு கோயில்

பாபநாசத்துக்குத் தெற்கே எங்கள் தெருவில் எல்லோரும் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். ஆனால் தெருவில் கோயில் கிடையாது. ஞாயிறுதோறும் ஆற்றைக் கடந்து பெரிய கோயிலுக்குப் போவோம். அதைக் கட்டியவர் எங்கள் பக்கத்துக்கு முதன்முதலில் வந்த வெள்ளைக்கார மிஷனரி. கப்பலில் வந்து, தமிழ் படித்து, காய்ச்சலோடு வரப்பு வரப்பாக நடந்து, எங்கள் முன்னோருக்குக் களத்துமேட்டில் ஞானஸ்நானம் கொடுத்தவர். அவருடைய கல்லறை கோயிலுக்குள்ளேயே இருந்தது. அதை மிதிக்காமல் சுற்றிப் போக வேண்டும் என்பதைத்தான் குழந்தைகளுக்கு முதலில் சொல்லித்தருவார்கள்.

அந்த நல்ல மனிதர் ஒரு காரியத்தை மட்டும் அப்படியே விட்டுப் போனார். கோயிலில் தெற்குப் பக்கம் பெஞ்சு. அது மேல்தெருக் கிறிஸ்தவர்களுக்கு. வடக்குப் பக்கம் பாய். அது எங்களுக்கு. ஒரே அடியாக மாற்றினால் சபை உடைந்துவிடும் என்று பயந்தாராம். அவருக்குப் பின்னால் வந்த மிஷனரிகள் மாற்றிப் பார்த்தார்கள். பாதிச் சபை எழுந்து வெளியே போனதும் அவர்களும் விட்டுவிட்டார்கள். பிறகு வெள்ளைக்காரர்கள் ஊருக்குப் போனார்கள், நம்மவர்கள் போதகர்களானார்கள். பாயும் பெஞ்சும் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. நாங்கள் வடக்கு வாசல் வழியாகத்தான் நுழைய வேண்டும். கல்யாணப் பெண்ணும் அப்படித்தான்.

என் அக்காள் கல்யாணத்தன்று அதே காலையில் மேல்தெருக் கல்யாணமும் ஒன்று இருந்தது. அது முடியும்வரை அக்காள் பட்டுப்புடவையோடு வடக்குச் சுவர் ஓரம் வெயிலில் நின்றாள். நான் அவள் முந்தானை புழுதியில் படாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். யாரும் எங்களைத் திட்டவில்லை, விரட்டவில்லை. வழக்கம், அவ்வளவுதான். எனக்கு அன்றைக்கு அழுகை வரவில்லை. ஒரு பிடிவாதம் வந்தது. அதை வெளியே சொல்லும் தைரியம்தான் இல்லை. பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை வாத்தியார் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தும் குனிந்துகொள்கிறவள் நான்.

என்னைப் பெண் பார்க்கப் பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளைக்குத் தென்னந்தோப்பில் வேலை. அவருடைய அம்மாவுக்குக் கொஞ்சம் வாய் நீளம். காப்பியைக் குடித்து முடித்துவிட்டு எங்கள் உபதேசியாரைப் பார்த்துத் திரும்பினார். உபதேசியார் என்றால் போதகருக்குக் கீழே, தெருத்தெருவாகப் போய் ஜெபம் நடத்துகிறவர்.

"கல்யாணம் எந்தக் கோயில்லங்க?"

"ஆத்துக்கு அந்தாண்ட பெரிய கோயில்லதாம்மா. வேற ஏது?"

"இல்லீங்க. எங்க தெருவுலதான்."

அப்படிச் சொன்னது நான். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்த பிறகுதான் எனக்கே அது புரிந்தது.

மாப்பிள்ளையின் அம்மா சுற்றுமுற்றும் பார்த்தார். "தெருவுல கோயில் எங்கடி இருக்கு? எனக்குக் கோழிக்கூண்டுதான் தெரியுது."

"கட்டுவாங்க."

"எப்பக் கட்டுவாங்க? சாம்பல் புதன் வந்துட்டா லெந்து நோன்பு, கல்யாணம் பண்ணப்படாது. அப்புறம் ஈஸ்டர் தாண்டித்தான் தாலி. அதுவரைக்கும் என் மவன் காத்துக் கெடக்கணுமா?" என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி. லெந்துக்கு முன்னால இங்க கோயில் நின்னா இங்க. நிக்கலேன்னா ஆத்துக்கு அந்தாண்ட. அப்ப மூஞ்சியத் தூக்கி வச்சுக்கப்படாது."

கல்யாணம் எப்படியும் நடக்கும். எந்த வாசல் வழியாக என்பதுதான் பாக்கி.

அவர்கள் போனதும் அம்மா என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் அப்பாவைப் பார்த்து, "அவ வாயத் தொறந்து கேட்டதே இது ஒண்ணுதான்" என்றாள்.

கூலிச் சண்டையில் எங்கள் பக்கம் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. வயலில் செங்கொடி, டீக்கடையில் கருப்பு சிவப்புக் கொடி. அதற்கு நடுவில் அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. மிராசுதார் நிலத்தில் குடிசை போட்டு இருந்தவர்களுக்கே அந்த மனை சொந்தம் என்றது சட்டம். 'மனைய விட்டு எறங்குடா' என்ற ஒரு வார்த்தைக்குப் பயந்து பயந்து வாழ்ந்த தெரு அது. இப்போது கொல்லை எங்களுடையது. அப்பாவும் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவும் ஆளுக்குப் பாதிக் கொல்லையைக் கோயிலுக்குக் கொடுத்தார்கள். பெரியம்மா தன் முருங்கை மரத்தை ஆட்கள் வெட்டும்போது மட்டும் வீட்டுக்குள்ளே போய் உட்கார்ந்துகொண்டார்.

சம்பா அறுவடை நேரம். பகலெல்லாம் மிராசுதார் வயலில் அறுப்பு. பொழுது சாய வந்து, வைக்கோலைக் கலந்து மண் மிதித்துச் சுவர் வைப்பார்கள். உபதேசியார் மண் உருண்டை எடுத்துக் கொடுத்தபடியே சொல்வார்: "மொத மிஷனரி கட்டுன மொதக் கோயிலும் மண்சுவருதான்ப்பா. மேல கூரை. அதுல உக்காந்து ஜெபம் பண்ணுனவங்கதான் ஊர் ஊராப் போயி சபை வளத்தாங்க. கல்லுக் கோயிலு பின்னால வந்தது." அதைக் கேட்கும்போது மண் மிதிக்கிற கால்கள் வேகமாகும்.

இடையில் அவர் வேறு கிராமங்களுக்குப் போய்விட்டார். திரும்பி வந்தபோது சுவர் தலைக்கு மேல் வளர்ந்திருந்தது. சுற்றிச் சுற்றி வந்தார்.

"என்னப்பா இது? ஜன்னலு எங்க?"

எங்கள் ஆண்கள் தங்கள் வாழ்நாளில் கட்டிய பெரிய கட்டடம் மிராசுதார் வீட்டு நெல் களஞ்சியம் ஒன்றுதான். களஞ்சியத்துக்கு ஜன்னல் கிடையாது. எலி ஏறாமல் இருக்க வாசல் இடுப்பு உயரத்தில் தொடங்கும். கை பழகினபடி கோயிலையும் அப்படியே கட்டிவிட்டார்கள்.

"இது சபை கூடுறதுக்கா, சம்பா நெல்லக் கொட்டுறதுக்கா?" என்றார் உபதேசியார்.

"பொண்ணு ஏணி வச்சுத்தான் ஏறி எறங்கணும்" என்றார் பெரியம்மா. "எறங்குனதும் மேல ஒரு சாக்கப் போட்டு மூடிடலாம். பூச்சி அரிக்காது."

அப்பாதான் முதலில் சிரித்தார். பிறகு தெருவே சிரித்தது. நல்ல வேளையாகச் சுவர் முழுதும் காயவில்லை. ஆண்கள் மம்மட்டியால் வாசலைத் தரைவரை வெட்டி இறக்கினார்கள். பெண்கள் நெல் அறுத்துவிட்டு வந்த அரிவாளாலேயே ஜன்னல் அறுத்தார்கள். ஒன்றுக்கொன்று அளவு சேரவில்லை. யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

மிஞ்சியது கூரை. தென்னங்கீற்று மகன் வேலை பார்க்கிற தோப்பிலிருந்து வரும் என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லியனுப்பியிருந்தார். திங்கட்கிழமை கல்யாணம், புதன் சாம்பல் புதன். சனிக்கிழமை மதியம்வரை கீற்று வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை யாரும் வேலை செய்யமாட்டார்கள்.

நான் வயலுக்குக் கஞ்சி கொண்டுபோனபோது ரோட்டில் இரண்டு மாட்டுவண்டிகள் கீற்றோடு நின்றன. கூடவே மாப்பிள்ளை வீட்டு உறவெல்லாம். எதிரே மிராசுதாரின் நிலத்தைப் பார்த்துக்கொள்கிற காரியக்காரர். எங்கள் தெருவுக்குப் போகிற வண்டித்தடம் மிராசுதார் களத்தின் வழியாகத்தான். அதில் முள்ளை வெட்டிப் போட்டிருந்தார்.

"வண்டி போவக் கூடாது. இது மிராசுத் தடம். சட்டம் பேசி மனைய வாங்குனவங்க தடத்தயும் சட்டத்துகிட்டயே கேட்டுக்கட்டும்."

மாப்பிள்ளையின் அம்மா வண்டியிலிருந்து இறங்கினார். "வண்டிதானே போவக் கூடாது? மனுசங்க?"

"மனுசங்க வாய்க்காக் கரையில போங்க. அது கவர்மெண்டோடது. என்னை ஏன் கேக்குறீங்க?"

"அத மொதல்லயே சொல்றதுக்கென்ன, மகராசா" என்று சொல்லிவிட்டு, புடவைத் தலைப்பைச் சும்மாடாகச் சுற்றித் தலையில் வைத்தார். ஒரு கீற்றுக்கட்டை மகன் தூக்கிவிட, வாய்க்கால் கரையில் ஏறி நடந்தார். பின்னால் அவர் வீட்டு ஜனம் வரிசையாக ஏறியது.

வயலில் அறுத்துக்கொண்டிருந்த எங்கள் பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அம்மா அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு கரையேறினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் ஏறினார்கள்.

"ஏய், கதிரு கெடக்குது!" என்று காரியக்காரர் கத்தினார்.

அம்மா திரும்பினாள். "கதிரு எங்கயும் ஓடாதுங்க ஐயா. சாம்பல் புதன்தான் ஓடியாருது!"

அவரால் எங்களை விரட்ட முடியாது. பழுத்த கதிர் நிற்கும்போது ஆளை விரட்டினால் வீட்டுக்கு நெல் போகாது. நான் கஞ்சிப்பானையை வரப்பில் வைத்துவிட்டு ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டேன். கல்யாணப் பெண் சுமக்கக் கூடாது என்று யாரோ சொன்னார்கள். மாப்பிள்ளையின் அம்மா முன்னாலிருந்தே, "சுமக்கட்டும், கேட்டவ அவதானே" என்றார். யாரோ ஒருத்தி ஒரு கீர்த்தனையை எடுத்தாள். கரை நெடுக அதைப் பாடிக்கொண்டே போனோம். கீற்றுகளின் நிழல் வாய்க்கால் தண்ணீரில் பச்சையாக ஆடி ஆடி எங்களோடு வந்தது. பொழுது இறங்குவதற்குள் கூரை மேய்ந்தாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை போதகர் வந்து கோயிலைப் பிரதிஷ்டை செய்தார். திங்கட்கிழமை காலை நான் மேற்கு வாசலில், நேர் எதிரே பலிபீடம் தெரிய, நிமிர்ந்து நின்றேன். உள்ளே இடம் போதாமல் ஒவ்வொரு ஜன்னலிலும் முகங்கள் அடைத்துக்கொண்டிருந்தன. மேல்தெருவிலிருந்தும் சிலர் ஆற்றைக் கடந்து வந்திருந்தார்கள். பெஞ்சு இல்லை. எங்களோடு தரையில்தான் உட்கார்ந்தார்கள், நெருக்கிக்கொண்டு. போதகர், "சம்மதமா?" என்று கேட்டபோது நான் சொன்ன பதில் தெருக்கோடிவரை கேட்டதாக அப்பா பின்னால் சொன்னார்.

அன்று மாலை பட்டுக்கோட்டை பஸ்ஸில் என் மாமியார் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறுகிறவர்களிடம் சொல்லிக்கொண்டே வந்தார்: "எம் மருமவதாங்க. வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேட்டா. ஊரே சேந்து கோயிலக் கட்டிக் குடுத்துட்டாங்க." நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் அப்படியில்லை என்று ஒரு நிறுத்தத்தில்கூடச் சொல்லவில்லை.