ஓட்டைக் கிண்ணம்

மருந்துக்கடைக்காரர் காய்கறி கழுவுகிற கூடையை எடுத்தால் அதில் பச்சை நூலுருண்டை ஒன்று சுகமாக உட்கார்ந்திருக்கும். டீ கெட்டிலைத் திறந்தால் சிவப்பு. அதன் நூல் கெட்டிலின் மூக்கு வழியாக வெளியே வந்து, சோபாவில் அவர் மனைவி ஸ்வெட்டர் பின்னுகிற ஊசிவரை போயிருக்கும்.

"கீழ வெச்சா உருண்டு ஓடிச் சிக்காயிடுதுங்க, நான் என்ன பண்றது?" என்பாள்.

இடது ஷூவுக்குள் இருந்த நீல நூலைத் தெருமுனைவரை இழுத்துக்கொண்டு போன அன்று அவர் பொறுமை பறந்துவிட்டது. நூல் விற்கிற கடைக்குப் போய், நூலுருண்டைக்கென்றே செய்த மரக்கிண்ணம் ஒன்றை வாங்கிவந்தார். நூல் வெளியே வர, பக்கவாட்டில் வழவழப்பாக ஒரு துளை.

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஓட்டைக் கிண்ணத்தை உங்க தலையில கட்டிட்டாங்களே!"

"ஓட்டை இல்லடி, அது நூல் வர்ற வழி. இனிமே உன் நூலுக்கு இதுதான் வீடு. என் கெட்டிலை விட்டுடு."

அவள் முகம் மலர்ந்தது. கிண்ணத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

காலையில் சமையலறை மேடையில் மரக்கிண்ணம் ஜம்மென்று இருந்தது, உள்ளே கரண்டிகளோடு.

"இவ்வளவு அழகான சாமான்ல போய் யாராவது நூலைப் போடுவாங்களா?" என்றாள் சோபாவிலிருந்து.

கெட்டிலில் சிவப்பு நூல் அசையவே இல்லை. கரண்டி வைக்கிற ஜாடிதான் காலியாகிவிட்டதே, அதில் புதிதாக மஞ்சள் நூல் குடியேறியிருந்தது.