அண்ணனின் முதுகுக்கு ஒரு விசில்

போன வாரம் தேனி பஸ்சில் ஒரு சண்டைப்படம் போட்டிருந்தார்கள். கதாநாயகனின் கார் மேம்பாலத்திலிருந்து பாய்ந்து, கீழே ஓடுகிற ரயிலைத் தாண்டி, அந்தப் பக்கத்து ரோட்டில் ஒரு கீறல்கூட இல்லாமல் இறங்கியது. பக்கத்து சீட்டுப் பெண் கண்ணை மூடிக்கொண்டாள். நான் மட்டும், "கியரே மாத்தலியே" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். என்ன செய்ய, குடும்பப் புத்தி.

எங்கள் அண்ணன் செல்லையா ஜீப்பு டிரைவர். போடியிலிருந்து போடிமெட்டு மலைக்கு மேலே ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களைக் காலையில் ஏற்றிப்போய்ச் சாயங்காலம் இறக்கிவிடுவார். நான் அப்போது கடையில் ஏலக்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தேன். என் மேல் வெறும் ஏலக்காய் வாசம்தான். அவர் சட்டையில் டீசலும் சேர்ந்து மணக்கும். அதுதான் உசத்தி என்று எனக்கு நினைப்பு.

துரத்தல் படம் வந்தால் டிரைவர்கள் தியேட்டரில் மொத்தமாக உட்காருவார்கள். கதாநாயகன் முகத்தை ஒருத்தரும் பார்ப்பதில்லை. மண் ரோட்டில் டயர் எப்படிக் கிறீச்சிடும் என்று அவர்களுக்குள் பெரிய வழக்கே நடக்கும்.

ஒரு தடவை எங்கள் ஊருக்கே ஒரு படக்கம்பெனி வந்தது. போடிமெட்டு வளைவுகளில் கதாநாயகனின் ஜீப்பு வில்லன் காரைத் துரத்த வேண்டும். கதாநாயகனுக்குப் பதிலாக ஓட்டச் சென்னையிலிருந்து வந்த ஆளுக்கு வளைவு பிடிபடவில்லை. யாரோ அண்ணனைக் கைகாட்ட, கதாநாயகன் சட்டையை அவருக்கு மாட்டிவிட்டார்கள். நான் லீவு போட்டுவிட்டுப் போய் மேலே ஒரு பாறையில் நின்றுகொண்டேன்.

ரோட்டை இரண்டு பக்கமும் மறித்திருந்தார்கள். ஆனால் நடுவில் வந்து சேரும் தோட்டப் பாதையை மறந்துவிட்டார்கள். அண்ணன் மூன்றாவது வளைவை ஒடித்து இறங்கியபோது, அந்தப் பாதையிலிருந்து பெண்கள் நிறைந்த ஜீப்பு ஒன்று ரோட்டில் ஏறியது. அண்ணன் ஸ்டியரிங்கை மலைப்பக்கம் திருப்பி, பாறையோடு உரசிக்கொண்டே போய், ஒரு கை தூரத்தில் நிறுத்தினார்.

அந்த ஜீப்பிலிருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்து, "ஏப்பா செல்லையா, இம்புட்டு வெரசா போக என்ன சோலி?" என்றார்.

டைரக்டருக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். இதே மாதிரி இன்னொரு தடவை உரசிக் காட்டச் சொன்னார். அண்ணன் சட்டையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். "ஆளுக வர்ற ரோடு சார். நான் ஓட்டமாட்டேன்."

எடுத்த அந்த ஒரு தடவைதான் படத்தில் வந்தது. முகம் கதாநாயகனுடையது, முதுகு எங்கள் அண்ணனுடையது. அந்த முதுகுக்குத் தியேட்டரே விசிலடித்தது. அடுத்த நொடி படத்தில் அந்த ஜீப்பு பள்ளத்தாக்கைத் தாவிப் போய் எதிர்மலையில் இறங்கியது. அண்ணன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நானோ, உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பொய்த் தாவலுக்கும் கைதட்டினேன். வயிற்றுக்குள் ஜிவ்வென்றதே, அதற்குத்தானே டிக்கெட் எடுக்கிறோம்!

தியேட்டர் இப்போது கல்யாண மண்டபம். தாவலையெல்லாம் கம்ப்யூட்டரே செய்துவிடுகிறது. அண்ணனும் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் பாறையில் உரசி நிறுத்திய அன்றைக்குப் பிறகு, தோட்டத்துப் பெண்கள் முன்னால் வந்து நிற்கிற வண்டிகளை விட்டுவிட்டு, "செல்லையா வரட்டும்" என்று ஜீப்பு ஏறும் முக்கில் தூக்குவாளியோடு காத்து நிற்பார்கள். அந்த முக்கில் இப்போது எந்த வண்டி முதலில் வந்தாலும் ஏறிக்கொள்கிறார்கள்.