தயிர் உறையாத மார்கழி

நாங்கள் கல்கத்தாவுக்குக் குடிபோன வருஷம், மார்கழி பிறந்ததும் எங்கள் வீட்டில் தயிர் உறைவது நின்றுபோயிற்று. கேட்பவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். எங்கள் வீட்டிலோ அதை வைத்து ஒருத்தியை ஊருக்குத் திருப்பி அனுப்பும் பேச்சே நடந்தது.

அப்பாவுக்குச் சர்க்கார் ஆபீசில் வேலை. சித்திரையில் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து எங்களை அழைத்துவந்து, பாலிகஞ்சில் ரயில் பாதைக்கு அருகே இரண்டு அறை வீட்டில் குடிவைத்தார். எனக்கு எட்டு வயது, அண்ணாவுக்குப் பதின்மூன்று. கார்த்திகைக் கடைசியில் அப்பாவின் தங்கையும் வந்து சேர்ந்தாள். அத்தைக்கு அப்போது இருபத்திரண்டு வயதுக்கு மேல் இராது. கல்யாணமான மறு வருஷமே கணவரை இழந்தவள். அதன்பின் அவருடைய தமையன் வீட்டில் மாட்டுக்கொட்டிலை ஒட்டிய அறையில் கிடந்து, அந்த வீட்டு வேலை முழுவதையும் செய்துகொண்டிருந்தாள். அப்பா போய்ப் பார்த்துவிட்டுக் கையோடு கூட்டிவந்துவிட்டார்.

அத்தை வந்ததும் குளிர் வந்ததும் ஒரே வாரத்தில். எதிர்க் குளத்தின்மேல் வெயில் ஏறும்வரை மூடுபனி புகைபோல நிற்கும். பிற்பாடு நான் ஊர் ஊராகச் சுற்றியதில் இதைவிடக் கடுமையான குளிரில் ரயில் மேடைகளில் படுத்திருக்கிறேன், அதெல்லாம் பழகிப்போயிற்று. ஆனால் எங்கள் ஊரில் மார்கழி என்றால் விடியற்காலையில் கொஞ்சம் சில்லென்று இருக்கும், அவ்வளவுதான். தயிரை நிறுத்துகிற குளிர் ஒன்று உலகத்தில் உண்டென்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

அம்மா முதலில் பால்காரனைச் சந்தேகித்து ஆளை மாற்றினாள். பிறகு பாத்திரத்தைச் சந்தேகித்துப் புளி போட்டுத் தேய்த்தாள். மூன்றாவதாக அத்தையைப் பார்த்தாள். மாலையில் பாலைக் காய்ச்சி உறை குத்துவது அத்தைதான். ஒரு நாள் பரீட்சையாக அம்மாவே உறை குத்தினாள். அன்று பாயசத்துக்காகக் கரி அடுப்பு வெகுநேரம் எரிந்தது. பாத்திரமும் அதை ஒட்டியே இருந்தது. மறுநாள் தயிர் கட்டியாக உறைந்திருந்தது. அம்மாவுக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

பக்கத்து வீட்டு வங்காள மாமி, நாங்கள் மாஷிமா என்று கூப்பிடுகிறவள், குளிர்காலம் முழுவதும் தயிர் வைத்துக்கொண்டுதான் இருந்தாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் விஷயம் தீர்ந்திருக்கும். ஆனால் மீன் பொரிக்கிற வீட்டில் போய்த் தயிருக்கு யோசனை கேட்பதா? அம்மா கேட்கவில்லை.

ஒரு காலை அப்பா பத்திரிகை படித்துக்கொண்டிருந்தபோது அம்மா பேச்சை எடுத்தாள்.

"கோவிச்சுக்காதீங்கோ. பொங்கல் கழிஞ்சதும் உங்க தங்கையை அனுப்பிடலாம். அவ கை பட்டா ஒண்ணும் விளங்கமாட்டேங்கறது. அவ புக்காத்துலயும் இதைத்தானே சொன்னா?"

அத்தை உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தாள். களையும் சத்தம் நின்றது. அந்த வீட்டில் என்னோடு பல்லாங்குழி ஆடுகிறவள் அவள் ஒருத்திதான்.

அண்ணா இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தான். அங்கே புதிதாக சயன்ஸ் பாடம் சொல்லித்தந்தார்கள். அதிலிருந்து அவன் சாதாரணமாகப் பேசுவதை விட்டிருந்தான்.

"கையா இல்லையான்னு பாத்துட்டாப் போச்சு" என்றான்.

"பாத்துண்டுதானேடா இருக்கேன்?"

"நீ பாக்கறது பாக்கறதே இல்லைம்மா. அடுப்பு எரிஞ்ச நாள் நீ தோய்ச்சே, அணைஞ்ச நாள் அத்தை தோய்ச்சா. ரெண்டும் எப்படி ஒண்ணாகும்? ஒண்ணை மட்டும் மாத்தணும், மத்ததெல்லாம் அப்படியே இருக்கணும்."

"துரை சொல்லிட்டார். அரை நிஜாரை அவிழ்த்தா கட்டிக்கத் தெரியாது."

பத்திரிகைக்குப் பின்னாலிருந்து அப்பா, "பாக்கட்டுமே" என்றார். அந்த விவகாரத்தில் அவர் பேசியது அவ்வளவுதான்.

அண்ணா கடைத்தெருவில் நான்கு மண் குடுவைகள் வாங்கிவந்தான். ஒரே பால், ஒரே சூடு. உறைமோரை அளக்க அப்பாவின் பூஜை உத்தரணியை எடுத்ததற்கு ஓர் அறை வாங்கி, பிறகு கரண்டியால் அளந்தான். இரண்டு குடுவைகளில் அம்மா உறை குத்தினாள், இரண்டில் அத்தை. யாருடையது எது என்று தெரியாமலிருக்க அடியில் கரிக்கோடு போட்டான்: அம்மாவுக்கு ஒன்று, அத்தைக்கு இரண்டு. ஒவ்வொருவருடையதிலும் ஒன்றை அலமாரியில் வைத்தான்; மற்றதைக் கம்பளியில் சுற்றி, அடுப்படியில் சூடு ஆறாத சாம்பலை ஒட்டி வைத்தான்.

எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் நான் போய், அலமாரியில் இரட்டைக்கோடு குடுவையைத் தேடி எடுத்துக் கம்பளிக்குள் செருகிவிட்டேன். காலையில் முதல் ஆளாக எழுந்து, திரும்ப அலமாரியில் வைத்தேன்.

அம்மாவே ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்த்தாள். அலமாரியில் இருந்தவற்றில் அவளுடையது பால். அத்தையுடையது அசையாத தயிர். அம்மா அந்தக் குடுவையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான்தான் பாவி, அனாவசியமா சொல்லிட்டேன் போலிருக்கு" என்று அவள் முணுமுணுத்ததை நான் என் காதால் கேட்டேன். அத்தை பிழைத்தாள் என்று துள்ளினேன்.

அண்ணா மட்டும் குடுவையைத் தடவிப் பார்த்தான். அவன் விரலில் சாம்பல் ஒட்டியது. நேரே என்னிடம் வந்தான்.

"தொட்டியா?"

நான் அத்தையின் பக்கம் நகர்ந்தேன்.

"அத்தை ஜெயிக்கணும்னுதானேடா?"

தலையை ஆட்டினேன். மண்டையில் நறுக்கென்று ஒரு குட்டு விழுந்தது. "இது செல்லாது, மறுபடியும் பண்ணணும்" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அறிவித்தான். கனிந்து வந்த அம்மாவின் முகம் இறுகிவிட்டது. "பிள்ளைகளைத் திருட்டுத்தனம் பண்ண வெச்சாச்சு" என்று எழுந்து போனாள். அன்று முழுவதும் நான் அண்ணாவோடு பேசவில்லை. கையில் வந்த வெற்றியைக் குப்பையில் கொட்டியவன் அவன் என்றே நினைத்தேன்.

மறுநாளைக்கு மறுபடி வைத்தோம். குடுவைகளுக்குப் பக்கத்தில் வரக்கூடாது என்று எனக்குத் தடை. விடிந்து பார்த்தபோது அலமாரியில் இருந்த இரண்டும் பால், கம்பளியில் இருந்த இரண்டும் தயிர். அம்மா இரண்டு தயிரையும் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். "ம்" என்றாள். அன்றிலிருந்து தயிர்ப் பாத்திரம் கம்பளி போர்த்திக்கொண்டது.

அத்தை அண்ணாவைக் கூப்பிட்டாள். "அப்போ கை இல்லையா?"

"கை இல்லை அத்தை. குளிர்."

"நிச்சயமாத் தெரியுமா?"

"ரெண்டு பேரும் தோய்ச்சது ஒரே மாதிரிதானே வந்தது?"

"ஒரு தடவைதானேடா வந்தது" என்றாள் அத்தை.

அடுத்த நாள் அவளே குடுவைகளைக் கழுவி வைத்தாள். அதற்கடுத்த நாளும் வைத்தாள். தன் பங்குப் பாலில் கொஞ்சம் எடுத்துவைத்து, ஒரு குடுவையில் வலது கையால் உறை குத்துவாள். இன்னொன்றில் இடது கையால். மற்றொன்றில் என்னைக் குத்தச் சொல்லுவாள். ஒருநாள் உறைமோரைக் கரண்டியால் விடாமல் விரலாலேயே பாலுக்குள் கலக்கிவிட்டாள். காலையில் எழுந்ததும் நாங்கள் இருவரும் போய்ப் பார்ப்போம். கம்பளியில் இருந்ததெல்லாம் உறைந்திருக்கும். "அதான் தெரிஞ்சுபோச்சே, வா பல்லாங்குழி ஆடலாம்" என்று நான் புடவையைப் பிடித்து இழுப்பேன். "இருடா, இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்பாள்.

பொங்கலும் கழிந்தது. தயிரைப் பற்றி அம்மா அப்புறம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்தக் குளிர் நாத்தனாருக்கு ஒத்துக்கொள்ளவில்லை, இரண்டு அறையில் ஐந்து பேர் எப்படி இருப்பது என்றாள். அதைச் சோதித்துப் பார்க்கக் குடுவை கிடையாது. அப்பாவின் ஆபீஸ்காரர் ஒருவர் குடும்பத்தோடு தெற்கே போனார். அத்தையை அவர்களோடு அனுப்ப ஏற்பாடாயிற்று. அங்கே அவளுக்கு என்ன காத்திருந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். அதே கொட்டில், அதே அறை.

ஹௌரா ஸ்டேஷனில் நான் உரக்க அழுதேன். அத்தை அழவில்லை. வந்தபோது எதைத் தொடுவதற்கும் முன்னால் ஒரு கணம் தயங்குகிறவள், அன்று வண்டிக்குள் யாரோ ஒருத்தியின் கைக்குழந்தையைத் தானாகவே வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குக் கோபமாக வந்தது. எங்களைப் பிரிவதில் இவளுக்கு இவ்வளவு சந்தோஷமா?

திரும்பும் வழியில் அண்ணாவிடம், "உன் சயன்ஸ் ஒண்ணுத்துக்கும் பிரயோஜனமில்லை, அத்தை போயிட்டா பாரு" என்றேன். அவனும் தலையைக் குனிந்துகொண்டான். தோற்றுவிட்டோம் என்று அவனுக்கும் தோன்றியிருக்க வேண்டும். முடிவு தெரிந்த பிறகும் அந்த மாதம் முழுவதும் அவள் ஏன் குடுவைகளைக் கழுவிக் கழுவி வைத்தாள் என்று எங்கள் இருவரில் யாரும் யோசிக்கவில்லை. அது விளையாட்டு என்றும், அதை அவள் எனக்காகத்தான் ஆடினாள் என்றும் நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.