முப்பத்தெட்டு வீட்டுப் பங்கு

முதல் வாரம் அவள் வயலிலிருந்து கொண்டுபோன எல்லாக் கூடையிலும் பீட்ரூட்டே நிறைந்திருந்ததால், அந்த அடுக்குமாடிக் குடியிருப்புப் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் பீட்ரூட்டம்மா. அதற்கு முன் பதினோரு வருடம் மொத்தச் சந்தையில் தரகர் சொன்ன விலைக்குத் தலையாட்டியவள். விதைக்கும்போது விலை தெரியாது; விற்கும்போது வாய் திறக்க முடியாது.

வழி காட்டியவள் அங்கே குடியிருந்த நாத்தனார்தான். "அண்ணி, எங்க பில்டிங்ல முப்பத்தெட்டு வீடு. விதைக்கும்போதே பணம் கொடுத்துடறோம். வாராவாரம் விளையறதுல எங்க பங்கைக் கொடுங்க. நல்லா விளைஞ்சா நிறைய, இல்லாட்டி கொஞ்சம். லாபமும் நஷ்டமும் எல்லாருக்கும் பொது."

மூன்று வருடம் அப்படியே நடந்தது. கையில் பணம் இருந்ததால் மண்ணுக்கு வேண்டிய எரு போட்டாள், புது மோட்டார் வைத்தாள். காலையில் பறித்தது மதியம் அவர்கள் அடுப்பில் இருந்தது. எந்த வீட்டில் சர்க்கரை நோய், எந்தக் குழந்தை கேரட்டை மட்டும் தின்னும் என்பதெல்லாம் தெரிந்து பாத்தி கட்டினாள். கூடை வாங்க இறங்கி வந்த இடத்தில்தான் எதிரெதிர் வீட்டுக்காரர்களே முதன்முதலாகப் பேசிக்கொண்டார்கள்.

நாலாம் வருடம், கோஸ் அறுவடைக்கு ஒன்பது நாள் இருக்கையில், இருபது நிமிடம் ஆலங்கட்டி மழை அடித்தது. முட்டைக்கோஸெல்லாம் கந்தலாகிவிட்டது. தப்பியதைப் பொறுக்கி, கூடைக்கு நாலு கேரட்டும் ஒரு கட்டுக் கீரையுமாக எடுத்துப்போனாள்.

"இது கீரையா, சல்லடையா?" என்று யாரோ கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள்.

அடுத்த வாரம் பாதிப் பேர் கீழே இறங்கவேயில்லை. வாட்ஸப் குழுவில் பணத்தைத் திருப்பிக் கேட்டு முதல் செய்தி போட்டவள் நாத்தனார்.

அவள் நாத்தனார் வீட்டுக்குப் படியேறிப் போய்க் கேட்டாள்: "நஷ்டமும் பொதுன்னு நீதானேம்மா சொன்னே?"

"பேச்சுக்குச் சொல்றதுதான் அண்ணி. கூட்டிட்டு வந்தவ நான், என்னைத்தானே கேக்கறாங்க? நாளைக்கு இவங்க மூஞ்சியில முழிக்க வேண்டாமா?"

"என் மூஞ்சியில முழிக்க வேண்டாமா?"

"காபி குடிச்சிட்டுப் போங்க அண்ணி" என்றாள் நாத்தனார்.

குடிக்காமல் இறங்கினாள். கேட்டவர்களுக்கெல்லாம் பணம் திரும்பிப் போனது. அதற்காக மோட்டாரும் விலை போனது.

ஏழு வீடு விலகவில்லை. அதில் ஒரு நர்ஸ், "எங்க பங்கு நஷ்டம் எங்களுக்கு. ஓட்டைக் கீரையே கொண்டாங்கம்மா" என்றாள். அந்த ஒரு சொல்லுக்கு அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் ஏழு கூடைக்காக வண்டி ஓடாது. அடுத்த விளைச்சலைச் சந்தைக்கே ஏற்றினாள்.

"என்னம்மா, பில்டிங்காரங்க கைவிட்டுட்டாங்களா?" என்ற தரகர், பழைய விலையிலும் கொஞ்சம் குறைத்தார். அவள் தலையாட்டினாள்.

இப்போது வயல் முழுக்க ஒரே ரகம்தான்: மூன்று நாள் லாரியில் குலுங்கினாலும் நசுங்காத முட்டைக்கோஸ். ருசியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. வீட்டுக்கென்று கிணற்றோரம் ஒரு பாத்தியில் மட்டும் எல்லாக் காயும் போட்டிருக்கிறாள். எப்போதாவது நாத்தனார் வருவாள். உறவை முறித்துக்கொள்ள முடியுமா? உட்காரவைத்து வயிறாரச் சாப்பாடு போடுகிறாள், கடையில் வாங்கிய காய்கறியைச் சமைத்து.