கீறல் படாமல் நாலு கொலை

யாருக்கும் ஒரு கீறல்கூடப் படாம நாலு பேரைக் கொல்றதுதான் என் தொழில். சும்மா சிலம்பம் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்தவனை நாடகக்காரங்க கூட்டிட்டுப் போய், மேடைச் சண்டைக்கு மாஸ்டர் ஆக்கிட்டாங்க. வாரத்துல அஞ்சு நாள் இங்க ஜோகூர்ல செனாய் பக்கம் ஒரு ஃபேக்டரி ஸ்டோர்ல வேலை. ஞாயித்துக்கிழமை ஆனா வெட்டு, குத்து.

கூலாய்ல எங்க குழுவை நடத்துறது மேரி டீச்சர். இங்கிலீஷ் டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்க. வெள்ளைக்கார தேசத்துப் பழைய காதல் நாடகம் ஒண்ணை அவங்களே தமிழ்ல எழுதி வச்சிருக்காங்க, வருஷா வருஷம் அதைத்தான் போடுறோம். ரெண்டு பெரிய குடும்பம், தீராத பகை. இந்த வீட்டுப் பொண்ணும் அந்த வீட்டுப் பையனும் ஆசைப்படுவாங்க. நடுவுல ரெண்டு பேர் கத்திக்குத்துல சாவாங்க, கடைசியில காதலர்களும் சாவாங்க. பிள்ளைங்க பிணத்துக்கு மேல ரெண்டு அப்பனும் கை குடுத்துக்குவாங்க, திரை விழும். கோயில் கமிட்டியில ஒரு வருஷமாவது குப்பை கொட்டினவங்க, குடும்ப வாட்ஸாப் குரூப்ல மாட்டிக்கிட்டு முழிக்கிறவங்க எல்லாரும் நம்ம ஆளுங்கதான். உங்களுக்குத்தான் இதைச் சொல்றேன்.

இந்த வருஷம் கதாநாயகி சரண்யா, கதாநாயகன் பிரகாஷ். சரண்யாவோட அப்பா ராமையா எங்க தாமான் குடியிருப்புல பழைய கோயிலுக்குத் தலைவர். பிரகாஷோட அப்பா வீரமுத்து, அதே ரோட்டுல பத்து வீடு தள்ளி இருக்கிற புதுக் கோயிலுக்குத் தலைவர். ஒரே எஸ்டேட்டுல ஒண்ணா வளர்ந்தவங்க, மச்சான் மச்சான்னு கூப்பிட்டுக்கிட்டவங்க. பதினோரு வருஷத்துக்கு முன்னாடி திருவிழாவுல ஏதோ தகராறாம், கோயில் ரெண்டாச்சு, பேச்சும் நின்னு போச்சு. என்ன தகராறுன்னு எனக்குத் தெரியாது, நான் அப்ப ஜோகூர் பாருல இருந்தேன். அப்புறம் எப்படி ரெண்டு பிள்ளைங்களையும் ஒரே நாடகத்துக்கு விட்டாங்கன்னு கேப்பீங்க. அவன் பையன் மேடையில நிக்கும்போது என் பொண்ணு எதுக்கு வீட்டுல இருக்கணும்னு இவரு. அவன் பொண்ணுக்காக என் பையன் ஏன் ஒதுங்கணும்னு அவரு. அந்த வீம்புலதான் எங்களுக்கு நடிகருங்க கிடைச்சாங்க.

மேடைக்கு வெளியிலயும் அதுங்க ரெண்டும் கல்யாணம் பண்ணிக்கணும்னு இருந்துச்சுங்க. ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு ஓடிப்போய் கையெழுத்துப் போட மனசு இல்ல. ரெண்டு வீடும் வந்து நின்னு வாழ்த்தணும், அவ்வளவுதான் ஆசை. இது எனக்கும் டீச்சருக்கும் மட்டும் தெரியும்.

கை பிடிக்கிற சீன்

முதல் ஷோ ரெங்கம் பக்கம் ஒரு மண்டபத்துல, பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு. ஒரு நாள் முன்னாடி பெற்றோர் சங்கத்துலேர்ந்து ஒருத்தர் ஒத்திகை பார்க்க வந்தாரு. நல்ல மனுஷன், கையில ஒரு நோட்டு, அதுல குறிப்பு எழுதிக்கிட்டே இருந்தாரு. முதல் குத்து விழுந்துச்சு, ஒருத்தன் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சாஞ்சான். அவரு தலையை ஆட்டி ரசிச்சாரு. ரெண்டாவது குத்துக்கு, ரத்தம் இன்னும் கொஞ்சம் கூட வரலாமேன்னாரு. சிவப்புச் சாயம் துணியில பட்டா துவைச்சாலும் போகாதுன்னு சொல்லி வச்சேன்.

பிறகு சரண்யாவும் பிரகாஷும் தோட்டத்துல சந்திக்கிற கட்டம். அவன் அவ கையைப் பிடிப்பான். மணிக்கட்டுக்குக் கீழ, மூணு விரல், அதுவும் ஒரு வசனம் முடியுற வரைக்கும்தான். மனுஷன் நோட்டை மூடிட்டு எந்திரிச்சு நேரா என்கிட்ட வந்தாரு. "மாஸ்டர், கத்திக்குத்து எல்லாம் இருக்கட்டும், பிள்ளைங்க பார்க்கட்டும், படிப்பினைதானே. அந்தக் கை பிடிக்கிறதை மட்டும் எடுத்துருங்க, வயசுப் பிள்ளைங்க கெட்டுப் போயிரும்."

மரக்கத்தி

இந்த நாடகத்துல முன்கோபக்காரன் ஒருத்தன் இருக்கான், பொண்ணோட சொந்தக்காரன். முதல் கொலை அவன் பண்றதுதான். அந்த வேஷம் தினேஷுக்கு. சரண்யாவோட அண்ணன். வேஷத்துக்குன்னு தனியா நடிக்க வேண்டிய அவசியமே இல்லாத ஆளு, கோவம் மூக்கு மேலயே உட்கார்ந்திருக்கும்.

மேடைச் சண்டையில அடிக்கிறவனுக்கு வேலை கம்மி. அடி வாங்குறவன்தான் சண்டையை நடத்துவான். அவன் கண்ணைப் பார்க்கணும், அவன் தயார்னு தெரிஞ்ச பிறகுதான் கையை ஓங்கணும். விழுறதும் துள்ளுறதும் அவன் கணக்கு. இதைத் தினேஷுக்குச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டு போச்சு. எதிராளி கண்ணைப் பார்க்கச் சொன்னா கழுத்தைத்தான் பார்ப்பான்.

நான் ஒவ்வொரு ஒத்திகைக்கும் முன்னாடி எல்லாக் கத்தியையும் என் முழங்கையில இழுத்துப் பார்ப்பேன், அது என் பழக்கம். ஒரு ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு அப்படி இழுத்தப்ப சுருக்குன்னுச்சு. பார்த்தா ரத்தம். மரக்கத்தி வைக்கிற இடத்துல, வெள்ளிப் பேப்பர் சுத்தி, செம்பனைத் தோட்டத்துல மட்டை வெட்டுற நிஜப் பாராங் கத்தி. ஒரு சீன் தாண்டியிருந்தா எவனோ ஒருத்தன் குடல் சரிஞ்சிருக்கும். தினேஷைக் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டி முடிச்ச பிறகு அவன் நிதானமாச் சொன்னான்: "மரக்கத்தியைப் பிடிச்சா கோவம் வரமாட்டேங்குது மாஸ்டர்."

அன்னிக்கே அவனை நிறுத்தியிருக்கணும். தங்கச்சி கெஞ்சினா, விட்டுட்டேன்.

காரணம்

கோத்தா திங்கியில ஷோ முடிஞ்சு நாற்காலி அடுக்கிக்கிட்டு இருந்தோம். வெள்ளம் வந்தா முதல்ல முங்குற மண்டபம், சுவர்ல தண்ணிக்கோடு இன்னும் இருந்துச்சு. எங்க குழுவுல ஒரு பொண்ணு டீச்சரைக் கேட்டுச்சு, இந்த ரெண்டு குடும்பமும் எதுக்குத்தான் அடிச்சுக்கிறாங்க, ஒரு இடத்துலயும் சொல்லலியேன்னு. எழுதினவரே சொல்லலம்மா, நான் எங்க போய்ச் சொல்றதுன்னாங்க டீச்சர்.

எனக்கும் அது உறுத்திக்கிட்டுத்தான் இருந்துச்சு. காரணம் தெரிஞ்சாதானே கத்தி ஓங்குற வேகத்தைச் சொல்லிக் குடுக்க முடியும்? காசு பகைக்கு ஒரு வேகம், மானப் பகைக்கு ஒரு வேகம். பின் வரிசையில இருந்த ஒரு பெரியவர், லோரி ஓட்டுறவராம், வெளிய போறவர் எங்க பேச்சைக் கேட்டு நின்னாரு. "காரணம் எதுக்கு லா மாஸ்டர்? நானும் என் தம்பியும் பேசிப் பல வருஷம் ஆச்சு, எதுக்குன்னு அவனைத்தான் கேக்கணும்."

பொன்னாடை

கடைசி ஷோ எங்க ஊர்லயே, கூலாய்ல, ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு. அதுக்கு முந்தின வாரம் சரண்யா என்கிட்ட வந்தா. "எங்கப்பாவும் அவங்கப்பாவும் ஒரு மண்டபத்துல ஒண்ணா உட்கார்ந்து நாடகத்தைப் பார்த்தாப் போதும் மாஸ்டர். மறுநாளே நான் அப்பாகிட்டச் சொல்லிடுவேன்." அந்த முகத்தைப் பார்த்துட்டு முடியாதுன்னு சொல்ல எனக்குக் கல்நெஞ்சு இல்ல. இன்னும் ஒரு படி மேல போனேன். வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம், இல்ல.

என் யோசனை இது. ரெண்டு வீட்டுக்கும் தனித்தனியாத் தட்டு வச்சு, வெத்தலை பாக்கு பழத்தோட அழைக்கிறது. கடைசிக் கட்டத்துல மேடையில ரெண்டு அப்பனும் கை குடுக்கிறப்ப, அப்படியே இந்த ரெண்டு பேரையும் மேல கூப்பிட்டு, ஒருத்தருக்கு ஒருத்தர் பொன்னாடை போத்தச் சொல்றது. நம்ம ஜனம் பொன்னாடைக்கு மடங்காம வேற எதுக்கு மடங்கும்? ஒரே கடையில, ஒரே கலர்ல, ஒரே கரையில ரெண்டு வாங்கினேன். டீச்சர் மட்டும், வேணாம் மாஸ்டர், மேடையில நடக்கிறது மேடையோட இருக்கட்டும்னாங்க. நான் கேக்கல.

யாரை முதல்ல கூப்பிடுறதுன்னு வந்துச்சு. எனக்கா தெரியாது சபை மரியாதை? வயசுல மூத்தவரை முதல்ல கூப்பிட்டா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாதுன்னு நெனச்சேன். ராமையா மூணு மாசம் மூத்தவரு. ஷோ அன்னிக்கு ரெண்டு பேருமே வந்திருந்தாங்க; கடைசிக் கட்டத்துல நானே மைக்கைப் பிடிச்சு, பெரியவங்க, வயசுல மூத்தவங்க, ராமையா அண்ணன் அவங்களை முதல்ல மேடைக்கு அழைக்கிறேன்னு சொன்னேன்.

வீரமுத்து எந்திரிச்சாரு. பேயறைஞ்ச மாதிரி முகம். "அன்னிக்கும் மூணு மாசம் மூத்தவன்னு சொல்லித்தான் திருவிழாவுல முதல் மாலையை அவனுக்குப் போட்டீங்க. இன்னிக்கும் அதே மூணு மாசமா?"

பதினோரு வருஷப் பகைக்குக் காரணம் அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுச்சு, கையில மைக்கோட. ஊர்ல யாரை ஒரு வார்த்தை கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாங்க. நான் கேக்கல, பாருங்க, அதுதான் என்னால இன்னிக்கும் மன்னிக்க முடியாதது. ராமையா ஏதோ பதிலுக்குச் சொன்னாரு, முன் வரிசையில தள்ளுமுள்ளு, பிளாஸ்டிக் நாற்காலி பறந்துச்சு. சரண்யாவும் பிரகாஷும் பிணமாப் படுத்திருந்தவங்க, எந்திரிச்சு ஓடி வந்தாங்க. பிரகாஷ் தன் அப்பாவைத்தான் பின்னாலேர்ந்து கட்டிப் பிடிச்சு இழுத்தான். தினேஷ் அதைப் பார்க்கல, இல்ல, பார்த்துட்டுத்தான் செஞ்சானோ. மேடை ஓரத்துல கிடந்த இரும்பு ஸ்டாண்டைத் தூக்கி வீசினான். பிரகாஷோட இடது கண்ணுல விழுந்துச்சு. அடி வாங்குறவன் தயாரா இல்ல.

அவன் முகத்தைத் துண்டால அழுத்திக்கிட்டு நான் தரையில உட்கார்ந்திருந்தேன். பின்னால பாதி ஜனம் இன்னும் கை தட்டிக்கிட்டு இருந்துச்சு. வெளிய போற அவசரத்துல எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் குனிஞ்சு தோளைத் தட்டிட்டுப் போனாரு. "மாஸ்டர், போன வருஷத்தைவிட இந்த வருஷம் சண்டை தத்ரூபமா இருந்துச்சு."

ரிப்போர்ட்

நம்ம ஆளுங்களுக்கு ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகணும். யாரு முதல்ல ரிப்போர்ட் போட்டாங்கறதுலயும் ஒரு முதல் மரியாதை இருக்கு. ராமையா ஆளுங்க முந்திக்கிட்டாங்க. பிரகாஷ் மேடையில சரண்யாகிட்டத் தப்பா நடந்துக்கிட்டான், அதைத் தாங்காமத்தான் அண்ணன்காரன் அடிச்சான்னு ரிப்போர்ட். அதுக்குச் சரண்யா ஆமான்னு சொல்லணும், அவ்வளவுதான் பாக்கி. சொன்னா அண்ணன் தப்பிச்சுருவான்.

அவ சொல்லல. சார்ஜன் முன்னாடி நின்னு, என் அண்ணன்தான் அடிச்சாரு, பிரகாஷ் என்கிட்ட ஒரு தப்பும் பண்ணலன்னு சொல்லிட்டா. நானும் டீச்சரும் பக்கத்துல நின்னோம். அன்னிக்கோட அவளுக்கு அந்த வீட்டுக் கதவு சாத்தியாச்சு, ஒரு பையோட டீச்சர் வீட்டுக்கு வந்துட்டா. ஸ்டேஷன் படியில ராமையா என்னை நிறுத்தினாரு. சட்டையைப் பிடிப்பாருன்னு நெனச்சேன். சத்தமே போடல. "உங்ககிட்டத்தானே மாஸ்டர் நடிப்பு கத்துக்கிட்டா, அவ அண்ணனுக்காக இந்த ஒரு தடவை நடிச்சிருக்கக் கூடாதா?"

ஜாடை

மூணு வாரம் கழிச்சுப் பிரகாஷ் வீட்டுக்கு வந்துட்டான். இடது கண்ணுல பார்வை திரும்பாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. சரண்யா என்னைத்தான் அனுப்பினா. யாரும் வந்து வாழ்த்த வேணாம், நீ ஒரு தேதி சொல்லு, ரிஜிஸ்டர் ஆபீஸ்ல நான் வந்து நிக்கிறேன்னு சொல்லச் சொன்னா. வாழ்த்து வேணும்னு அடம் பிடிச்ச பொண்ணு, எல்லாத்தையும் விட்டுட்டு அவன் ஒருத்தன் போதும்னு நின்னுச்சு. வழியெல்லாம் எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்துச்சு, ஏதோ ஒண்ணாவது உருப்படுதேன்னு.

வீரமுத்து கோப்பி குடுத்தாரு, ஒரு வார்த்தை குத்திப் பேசல. பிரகாஷ் நான் சொன்னதை முழுசாக் கேட்டான். அவ உனக்காக அண்ணனையே காட்டிக் குடுத்தவ டா, இன்னும் என்ன வேணும்னு கேட்டேன். தெரியும் மாஸ்டர்னான். அப்புறம் ஒரு பதில் சொன்னான்.

அவன் பதிலைத் தூக்கிக்கிட்டு டீச்சர் வீட்டுக்குப் போனேன். இன்னும் மருந்து போடுறான், பிறகு பேசுறானாம்னு சரண்யாகிட்டப் பூசி மெழுகினேன். அவ நம்பல. சுத்தி வளைக்காம அவர் சொன்னதை அப்படியே சொல்லுங்க மாஸ்டர்னா. சொல்லித்தான் ஆகணும்னு நின்னா, சொன்னேன். அவன் சொன்னது இதுதான்: "அவ முகத்துல அவ அண்ணன் ஜாடை இருக்கு மாஸ்டர், இத்தனை நாள் எனக்குத் தெரியல."

மேடையில பிள்ளைங்க சாகுறாங்க, அதனால பகை தீர்ந்து போகுது; எங்க ஊர்ல ஆண்டவன் புண்ணியத்துல யாரும் சாகல, பகையும் பிழைச்சுக்கிச்சு.