சபை ஜெபித்தது என் வயிற்றுக்காக

மூன்று மாதம் எங்கள் சபை முழுவதும் என் வயிற்றுக்காக ஜெபம் பண்ணியது. என் வயிற்றுக்கு ஒரு கேடும் இல்லை. கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயிறு அது. எனக்கு எடுத்தது வலது மார்பை. எடுத்துவிட்டு, முதுகிலிருந்து தசையையும் தோலையும் திருப்பிக் கொண்டுவந்து முன்பக்கம் வைத்துத் தைத்திருந்தார்கள். சித்தூரில் இதைத் தெரிந்தவர்கள் நான்கே பேர்: நான், என் வீட்டுக்காரர், அவருடைய அக்கா, என் மகள். போதகர் உட்பட மற்ற எல்லாருக்கும் எனக்கு வயிற்றில் கட்டி.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. எனக்கு நாற்பத்தாறு வயது, மிஷன் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். மகள் திருப்பதியில் விடுதியில் தங்கி பி.எட். படித்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை மத்தியானம் வந்து ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் திரும்பிவிடுவாள். அங்கே சர்ச் பாடகர் குழுவில் இருந்தாள். அந்தச் சர்ச்சில் ஒரு குடும்பத்துக்கு அவளைப் பிடித்துப்போய்ப் பெண் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார்கள். பையனுக்கு பேங்கில் வேலை. குளிக்கும்போது என் கையில் கட்டி தட்டுப்பட்டதும் அதே மாதம்தான். டாக்டர் இன்னதென்று சொல்லி முடிப்பதற்குள் என் நாத்தனார் இன்னதில்லை என்று முடிவு செய்துவிட்டார்.

"தோ பாரு, தாய்க்கு வந்தா பொண்ணுக்கும் வரும்னு பேசுவாங்க. அப்புறம் எவன் கட்டுவான் உன் பொண்ண? நிச்சயம் ஆவற வரைக்கும் வயித்துல கட்டின்னு சொல்லிக்கலாம். வயித்துல கட்டி யாருக்குத்தான் வரல."

வீட்டுக்காரர் தலையாட்டினார். அவர் அக்கா பேசினால் அவருக்குத் தலையாட்டத்தான் தெரியும். நான் அவர்கள் இரண்டு பேரோடும் சண்டை போட்டிருப்பேன், எனக்கு வாய் உண்டு. ஆனால் அந்தச் சனிக்கிழமை மகள் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டே, "நிச்சயம் முடியற வரைக்கும்தானேம்மா" என்றாள். அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது, அது முகத்திலேயே தெரிந்தது. சரி என்று சொல்லிவிட்டேன். அந்தச் சரியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

எல்லையைத் தாண்டிப் பக்கத்து மாநிலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். நல்ல டாக்டர். மார்பை எடுக்கத்தான் வேண்டும், ஆனால் முதுகுத் தசையை வைத்துத் திரும்ப ஒன்றைக் கட்டித் தரலாம், இது புதிதாக வந்திருக்கிற முறை, உங்கள் இஷ்டம் என்று பொறுமையாகச் சொன்னார். எனக்கு உடனே வேண்டும் என்று தோன்றியது. எதற்கு இந்த வயதில் என்று கேட்டால், என் உடம்பு, எனக்கு வேண்டும், அவ்வளவுதான். நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர் கேட்டார்:

"ரவிக்கை போட்டா வெளிய தெரியாதுங்களா, டாக்டர்?"

"தெரியாது."

"அப்போ பண்ணிடுங்க."

கல்யாணமாகி இருபத்து நான்கு வருஷத்தில் ஒரு செலவுக்கு அவர் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டதே இல்லை. எனக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்தது. மூடி மறைக்க வசதி என்பதால் கிடைத்தது. அங்கேயே எழுந்து, வேண்டாம் போங்கள் என்று சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை.

வீட்டுக்கு அனுப்புகிற அன்றைக்கு, உடற்பயிற்சி சொல்லித் தருகிற பெண் ஒருத்தி வந்தாள். என் வலது கையைத் தன் கையில் வாங்கி மெதுவாக அசைத்துக் காட்டினாள். "தையல் பிரிச்சதும் தினம் மூணு வேளை சுவத்துல விரலை வெச்சு மேல மேல ஏத்திக்கினே போங்கம்மா. வலிக்கும், விடாதீங்க. முதல் ரெண்டு மாசம்தான் கணக்கு. அதுல விட்டுட்டா தோள் இறுகிடும், அப்புறம் கை தோளுக்கு மேல வராது."

"நான் டீச்சர். போர்டுல எழுதற கை இதுதான்" என்றேன்.

"அப்போ உங்களுக்கு நான் சொல்லவே வேணாம்" என்று சிரித்தாள். அவளுக்கு என் வீட்டைப் பற்றித் தெரியாது.

வீட்டில் முன் அறையில் எனக்குக் கட்டில் போட்டார்கள். மல்லாந்து படுத்தால் முதுகில் தையல், வலது பக்கம் திரும்பினால் உயிர் போகும், இடது பக்கமே கதியென்று கிடந்தேன். புதிதாக வைத்த இடத்தில் கை வைத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை. தொடுவது முன்னால், தொட்ட உணர்வு வருவது முதுகில். யாரோ பின்னால் நின்று என்னைத் தட்டிக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும், ஒன்றிரண்டு தரம் திரும்பிக்கூடப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்காரர் ஒரு தடவையும் அதைப் பார்க்கவில்லை. கட்டு மாற்றுகிற நேரத்தில் அவருக்குச் சரியாக வெளியே ஒரு வேலை வந்துவிடும். கட்டு மாற்றியது எல்லாம் நாத்தனார்தான். முகம் சுளிக்காமல், வெந்நீரில் கை கழுவி, பஞ்சை நனைத்து நனைத்து ஒட்டிய துணியை எடுப்பார். அந்தக் கையைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். வாயைத்தான் குறை சொல்கிறேன்.

பிறகு வருகிறவர்கள் வர ஆரம்பித்தார்கள். எங்கள் சபையில் ஒருத்திக்கு ஆபரேஷன் என்றால் வராதவர்கள் யாரும் இல்லை. காலையில் பத்து மணிக்கு ஒரு கூட்டம், சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு கூட்டம், சனிக்கிழமை மாதர் சங்கம் மொத்தமும். வந்தவர்கள் பாட்டுப் பாடி, ஜெபம் பண்ணி, காப்பி குடித்து, சொந்த ஆபரேஷன்களைப் பற்றிப் பேசிவிட்டுத்தான் போவார்கள். போதகரின் மனைவி என் வயிற்றின் மேல் கை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு மன்றாடுவார். நல்ல மனுஷி, நிஜமாகவே கண்ணீர் வரும் அவருக்கு. ஒரு வாரம் கையைத் தொப்புளுக்கு மேல் வைத்தார். பக்கத்திலிருந்த அம்மா, "கொஞ்சம் கீழ வையுங்க, போன வாரம் அங்கதான்னு சொன்னாங்க" என்றார். கை கீழே போனது. எனக்குச் சிரிப்பும் வந்தது, பெரிய பயமும் வந்தது. அத்தனை ஜெபமும் ஆள் இல்லாத வீட்டு விலாசத்துக்குக் கடிதம் மாதிரி போய்க்கொண்டிருந்தது.

வயிற்று நோயாளிக்குச் சாப்பாடும் அப்படித்தான். பருப்பு ஆகாது, கத்தரிக்காய் ஆகாது, கறியை மூக்கால் மோந்தால்கூட ஆகாது. ஞாயிற்றுக்கிழமை உள்ளே கோழிக் குழம்பு கொதிக்கும், எனக்கு முன்னால் கஞ்சி இருக்கும். விருந்தாள் போன பிறகு நாத்தனார் ஒரு கிண்ணத்தில் எடுத்து வந்து, "சீக்கிரம் துன்னுடு, யாராவது வந்துடப் போறாங்க" என்பார். என் சொந்த வீட்டில் திருடி மாதிரி மென்று விழுங்குவேன்.

இதெல்லாம் போகட்டும். கைதான் கதை. தையல் பிரித்ததும் அந்தப் பெண் சொன்னபடி சுவர் பக்கம் திரும்பி நின்று விரல்களை வைத்தேன். முதல் நாள் மார்பு உயரம். நாலாம் நாள் இன்னும் நாலு விரல். அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு இரண்டு பேர் வந்துவிட்டார்கள். "ஐயோ, வயித்துல தையல் போட்டவ கையைத் தூக்கிக்கினு நிக்கறியே, பிரிஞ்சிக்கினா இன்னா பண்ணுவே" என்று ஓடிவந்து கையைப் பிடித்து இறக்கினார்கள். நாத்தனாரும், "நானும் சொல்லிக்கினேதான் கீறேன், கேக்கறதில்ல" என்று கூடச் சேர்ந்துகொண்டு என்னைக் கட்டிலில் உட்கார வைத்தார். அவர்கள் போனதும் சண்டை பிடித்தேன்.

"கதவைச் சாத்திக்கினு பண்றேன்."

"பட்டப்பகல்ல கதவைச் சாத்தினா இன்னான்னு கேக்க மாட்டாங்களா? இன்னும் கொஞ்ச நாள்தான், பொறுத்துக்கோ."

விடியற்காலையில் எழுந்து செய்து பார்த்தேன். அப்படியே தொடர்ந்து செய்திருக்கலாம், அதையும் ஒளிக்க விரும்பவில்லை. ஆனால் அந்த வலிக்கு வாய்விட்டுக் கத்த வேண்டும். அடுத்த வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். பல்லைக் கடித்துக்கொண்டு பத்து நாள் செய்தேன், பதினோராம் நாள் படுத்துவிட்டேன். சோம்பேறி என்றால் சோம்பேறிதான். ஆறாவது வாரம் பார்த்தபோது கை தோளுக்கு வந்து நின்றது. அதற்கு மேல் தள்ளினால் துருப்பிடித்த கதவு மாதிரி நின்றுவிட்டது. வீட்டுக்காரரிடம் சொன்னேன், ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன்.

"நிச்சயம் முடியட்டும். இப்போ திரும்பவும் போனா எதுக்குன்னு கேப்பாங்க."

மகளும் பக்கத்தில்தான் இருந்தாள், அன்றைக்குச் சனிக்கிழமை. ஒன்றும் சொல்லாமல் என் தலையை வாரிவிட்டாள். எனக்கு நானே வாரிக்கொள்ள முடியாமல் போய் அப்போது பல நாள் ஆகியிருந்தது.

நிச்சயம் முடிந்தது. சபையில் ஸ்தோத்திரக் காணிக்கை வைத்து, வயிற்று ஆபரேஷனில் சுகம் கொடுத்ததற்காக என்று போதகர் வாசிக்க, நான் குடும்பத்தோடு முன்னால் போய் முழங்காலில் நின்றேன். கல்யாணமும் முடிந்தது. அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர், தைத்த இடம் அருமையாக ஆறியிருக்கிறது என்றார். பயிற்சி சொல்லித் தந்த பெண் என் தோளைப் பிடித்துத் தூக்கிப் பார்த்துவிட்டு மெதுவாக இறக்கி வைத்தாள். "டீச்சர்னு சொன்னீங்களேம்மா" என்றாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

பள்ளி திறந்ததும் போய் நின்றேன். கரும்பலகையின் கீழ்ப் பாதி மட்டும்தான் எனக்கு எட்டியது. ஸ்டூல் மேல் ஏறிப் பார்த்தேன், ஒவ்வொரு வரிக்கும் ஏறி இறங்கினால் பிள்ளைகள் சிரிக்கின்றன. இடது கையால் எழுதிப் பார்த்தேன், அது என் எழுத்தாக இல்லை. இருபது வருஷம் மற்ற டீச்சர்கள் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டிய எழுத்து என்னுடையது. தலைமையாசிரியை வாசலில் நின்று பார்த்துவிட்டு, "செய்யி பைக்கி லேவதா, டீச்சரம்மா?" என்று தெலுங்கில் கேட்டார். கை மேலே எழவில்லை என்றேன். வயிற்று ஆபரேஷனுக்கும் கைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கவில்லை, நாகரிகமான பெண்மணி. அடுத்த வாரம் என்னைத் தையல் வகுப்புக்கும் வருகைப் பதிவேட்டுக்கும் மாற்றினார். அதற்குப் பிறகு ஓய்வு பெறுகிற வரைக்கும் நான் ஒரு வகுப்புக்கும் பாடம் எடுக்கவில்லை.

அந்த வருஷம் அரைப் பரீட்சை லீவில் மகளைப் பார்க்கத் திருப்பதிக்குப் போனேன். அலிபிரிக்குப் போகிற ரோட்டில் வீடு. மத்தியானம் சமையலறையில் சம்பந்தியம்மாவோடு பேசிக்கொண்டிருந்தேன். மேல் தட்டிலிருந்து வெல்லம் எடுக்க வேண்டியிருந்தது. நான் எழுந்தேன். அவர் சட்டென்று, "நீங்க இருங்க, அந்தக் கையைத் தூக்காதீங்க. மார்ல எடுத்த பக்கம் அப்படித்தான் பிடிச்சிக்கும்" என்று சொல்லிவிட்டு அவரே எடுத்தார்.

"உங்களுக்கு யார் சொன்னது?" என்றேன்.

"உங்க பொண்ணுதான். நிச்சயத்துக்கு முன்னாடியே எம்பையன்கிட்ட சொல்லிட்டாளே. அவன் வந்து எங்ககிட்ட சொன்னான். நோவு யாருக்கு வரல, சம்பந்தியம்மா? அதுக்காக நல்ல பொண்ண விட்டுடுவாங்களா? நீங்களா சொல்லட்டும்னு நாங்க வாயத் தொறக்கல."

கொல்லையில் காய்ந்த துணி எடுக்கிற சாக்கில் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

"எப்பச் சொன்னே அவர்கிட்ட?"

அவளுக்குப் புரிந்துவிட்டது. "நீ ஆஸ்பத்திரியிலர்ந்து வந்த ரெண்டாவது ஞாயித்துக்கிழமை. சர்ச் முடிஞ்சி வெளிய வர்றப்போ. மறைச்சிக்கினு கட்டிக்க எனக்கு மனசு வரலம்மா."

"நல்ல காரியம். அவர் இன்னா சொன்னார்?"

"அதனால இன்னான்னு கேட்டார்."

இரண்டாவது ஞாயிறு. தையல் பிரித்த வாரம் அது. நான் சுவரில் விரலை வைத்த வாரம்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நைனாவும் அத்தையும் கத்துவாங்கன்னு பயமா இருந்திச்சி. நிச்சயம் ஆனப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். அப்புறம் கல்யாண வேலை வந்துடிச்சி. அப்புறம் எப்படிச் சொல்றதுன்னே தெரியல."

"சனிக்கெழமை சனிக்கெழமை வந்தியே. அவங்க என் வயித்து மேல கை வெச்சி ஜெபம் பண்றப்போ பக்கத்துல உக்காந்துக்கினு நீயும் ஆமென் சொன்னியே."

அவள் அழ ஆரம்பித்தாள். சொல்ல வேண்டிய இடத்தில் நிஜத்தைச் சொன்ன பெண், நான் வளர்த்த பெண்தான், அதற்கு நான் பெருமைப்பட வேண்டும். எனக்குப் பெருமை வரவில்லை. ஓங்கி ஓர் அறை விட வேண்டும் என்று இருந்தது. ஓங்குவதற்கும் எனக்கு அந்தக் கைதான் வேண்டும்.